தறி அறைக்குப் போர்வை

ஹேமலதாவின் அப்பா தனசேகரன் புதுசாக ஒரு பட்டுப்புடவை நெய்துகொண்டிருந்தார். கரையில் என்ன டிசைன் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஆரணியில் டிசைன் வெளியே தெரிந்தால் போச்சு! புடவை கடைக்குப் போகும் முன்பே அடுத்த தெருத் தறியில் அது ஓட ஆரம்பித்துவிடும். போன வருஷம் அப்படித்தான் ஆனது. பாவம், அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால் இந்தமுறை தறி அறைக்குள் யாருக்கும் அனுமதி இல்லை.

அன்று காலை கொசு ஒழிப்புப் பணியாளர் எழிலரசி வந்தார்.

"தண்ணி நிக்கிற இடமெல்லாம் பாக்கணுங்கண்ணா. பக்கத்து வீட்டுப் பிரபாகரனுக்கு டெங்கு. பையன் ஆஸ்பத்திரியில கிடக்கிறான்."

"சமையல்கட்டப் பாரு, மாடியப் பாரு. தறி ரூமு மட்டும் கிடையாதும்மா."

"எல்லா ரூமும் பாக்கணும்னு உத்தரவுங்க. நீங்க விடலன்னா நாளைக்கு சூப்பர்வைசர் நாலு பேரோட வருவாரு."

"வரட்டும்! என் வீட்டுக்குள்ள யார் வரணும்னு நான்தான் சொல்லணும்."

எழிலரசிக்கும் தர்மசங்கடம். அவர் வாசலிலேயே நின்றார்.

பிரபாகரன் ஹேமாவோடு ஐந்தாம் வகுப்பு படிப்பவன். தறிக்குக் கீழே இருக்கும் குழியில் அப்பா ஒரு சட்டி நிறையத் தண்ணீர் வைத்திருப்பதும் அவளுக்குத் தெரியும். வெயில் நாளில் காற்று காய்ந்தால் பட்டு இழை அறுந்துபோகும். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் அறையில் ஈரம் நிற்கும்.

அவள் உள்ளே போய், சட்டியில் ஒரு டம்ளர் மொண்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். தண்ணீருக்குள் குட்டிக் குட்டியாய் என்னவோ நெளிந்தது.

"அப்பா, இதப் பாருங்க."

அப்பா பார்த்தார். முகம் வாடிப்போனது.

"நம்ம வீட்டுக் கொசுவாம்மா அந்தப் புள்ளயக் கடிச்சிது?"

"அது யாருக்குங்கண்ணா தெரியும்?" என்றார் எழிலரசி மெதுவாக. "ஆனா இந்தத் தண்ணியக் கொட்டிடணும்."

"கொட்டிட்டா இழை அறுந்துகினே இருக்குமே. நான் எப்படி நெய்யறது?"

இரண்டு பேரும் சொல்வது சரிதான். ஹேமா தலையைச் சொறிந்தாள். அப்புறம் கொடியில் காய்ந்த அப்பாவின் பழைய வேட்டியைப் பார்த்தாள்.

"அக்கா, சட்டியக் கழுவி, நல்ல தண்ணி ஊத்தி, மேல இந்த வேட்டிய இறுக்கிக் கட்டிட்டா? ஈரம் வெளிய வரும். கொசு உள்ள போவாது."

எழிலரசி வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா நெருக்கமான துணிதான். வாராவாரம் தண்ணிய மாத்திடணும். ஆனா நான் கண்ணால பாத்துட்டுத்தான் போவணும்."

அப்பா யோசித்தார். "சரி, வா. கண்ண மூடிகினு பாரு."

"கண்ண மூடிகினா எதப் பாக்கறதுங்க!"

ஹேமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓடிப்போய்த் தன் போர்வையை எடுத்துவந்து தறிமேல் விரித்தாள். மேலே போர்த்தியதில் டிசைன் மறைந்தது. கீழே குழி மட்டும் தெரிந்தது. எழிலரசி குனிந்து, டார்ச் அடித்து, மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். ஹேமா சட்டியைக் கழுவினாள். வேட்டியை அப்பாவே இழுத்துக் கட்டினார்.

"ஏம்மா, இந்தத் தெருவுல எல்லாத் தறியடியிலயும் சட்டி இருக்குதே," என்றார் அப்பா கவலையோடு.

"ஒருத்தரும் கதவத் தொறக்கலங்கண்ணா."

"வா, நான் சொல்றேன்."

மூன்று பேரும் எதிர்வீட்டுக்குப் போனார்கள். ஹேமா போர்வையைக் கையில் வைத்திருந்தாள். அந்த வீட்டுக்காரர் சம்பந்தமும் நெசவாளிதான். அவர் கதவை ஒரு சாண் திறந்து, அப்பா சொன்னதையெல்லாம் கேட்டார். போர்வையையும் பார்த்தார். பிரபாகரன் பெயரைச் சொன்னதும் அவர் குரல் இறங்கியது.

"சரி, வாங்க. அந்த அம்மா வரட்டும், பாப்பா வரட்டும்," என்றவர், காலெடுத்து வைத்த அப்பாவைத் தடுத்தார். "நீ எங்க வர்ற? உன்ன மாதிரி ஒரு தறிக்காரன் என் டிசைனப் பாத்துட்டா என் கதி?"

கதவு அப்பாவின் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டது. அப்பா தெருவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்.