ஏழாம் கட்டிலின் நாடி

ஏழாம் கட்டிலில் விரிப்பு கசங்குவதே இல்லை. பயிற்சி நர்ஸாக வந்த மூன்று வாரத்தில் அவள் உருப்படியாகக் கற்றது கட்டில் விரிப்பது ஒன்றைத்தான். மற்ற கட்டில்களில் காலையில் இழுத்துச் செருகிய முனை மத்தியானத்துக்குள் பிய்த்துக்கொண்டு தொங்கும். இங்கே மட்டும், ஒரு மனுஷி நான்கு நாளாகப் படுத்திருந்தும், முதல் நாள் அவள் விரலால் நீவிய மடிப்பு நீவியபடியே இருந்தது.

வார்டில் அவளை யாரும் நம்பவில்லை. கோடு போட்ட சீருடையைப் பார்த்ததுமே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள். "பெரிய சிஸ்டர வரச் சொல்லும்மா. என் கைய வெச்சு நீ பாடம் படிக்காத" என்று ஒரு லாரி டிரைவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஒரே நோயாளியை ஐந்து நாள் தொடர்ந்து கவனித்துக் குறிப்பேட்டை நிரப்பினால்தான் பயிற்சி முடியும். இல்லையென்றால் இந்த வருடம் போச்சு. வீட்டிலோ அண்ணன், "ஊசியப் பாத்தா நீயே மயங்கி விழுவ, நீ நர்ஸா?" என்று வாய் ஓயாமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அதனால், "எனக்கு இந்தப் பாப்பாவே போதும், வேற யாரும் தொடக்கூடாது" என்று ஏழாம் கட்டில் அம்மாள் சொன்னபோது அவளுக்கு வயிறு குளிர்ந்துபோனது. முப்பது நோயாளிக்கு இரண்டு நர்ஸ்கள் இருந்த வார்டில் ஒரு வேலை குறைந்தால் யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள்? டாக்டரும் கால்மாட்டில் நின்று அவள் எழுதிய தாளைப் படித்துவிட்டு, தலையை ஆட்டி, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

ஆனாலும் மனசுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. யாருமே நம்பாத தன்னை இவர் மட்டும் ஏன் இப்படி நம்ப வேண்டும்? சாப்பாட்டுத் தட்டு வந்தபடியே திரும்பிப் போனது. அருகில் போனால் மருந்து வாசனையையும் மீறி, வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியின் வாடை வந்தது. எட்டாம் கட்டில்காரி பகல் முழுக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். கேட்டால், "எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி" என்பாள்.

நான்காம் நாள் பகல் மூன்று மணிக்குப் பெரிய சிஸ்டர் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"முந்தாநாள் காலைல நாடி நூத்திப் பத்தா? படுத்தே கெடக்கறவங்களுக்கு ஏன் இப்படி ஓடுது?"

முந்தாநாள் அவள் பஸ்ஸைத் தவறவிட்டு, மூன்று மாடி ஓடி ஏறி வந்திருந்தாள்.

"எந்த விரல்ல பாக்குற? காட்டு."

கட்டைவிரலைக் காட்டினாள். பெரிய சிஸ்டர் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. "அடிப்பாவி! கட்டைவிரல்லயே நாடி துடிக்குமே. இத்தன நாளா உன்னோடதையே எண்ணி எழுதிருக்க. போ, மூணு விரல் வெச்சுப் பாத்துட்டு வா."

வெட்கத்தில் காது சுட்டது. பாதி வராந்தா தாண்டியபோதுதான் அது உறைத்தது. அந்த அம்மாள் உயிரோடு இருப்பதற்கு இந்த ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே சாட்சி அவள் எழுதிய எண்கள்தான். அந்த எண்கள் அவளுடையவை.

பார்வையாளர் நேரம். வார்டு முழுக்கப் பேச்சும் நாற்காலி இழுக்கும் சத்தமும் குழந்தைகளின் ஓட்டமுமாக இருந்தது. அம்மாள் கேட்காமலே கையை நீட்டினார். மூன்று விரலை வைத்தாள். சில்லென்று இருந்தது. எதுவும் துடிக்கவில்லை. இடம் மாற்றினாள். அழுத்தினாள். இன்னொரு கை. அதிலும் இல்லை.

மார்பின் மேல் கிடந்த போர்வையைப் பார்த்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை.

"என்ன பாப்பா, எப்பவும் கட்டவிரல்தான வெப்ப?"

எழுந்தாள். அவள் மணிக்கட்டை அம்மாளின் கை பிடித்தது.

"நான் உன்ன நம்புனேன்ல? நீயும் என்னக் கொஞ்சம் நம்பு."

மூன்று விரல்கள். புத்தகத்தில் போட்டிருந்த அதே இடத்தில்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." கடகடவென்று எண்ணினார். பிறகு நிதானமாக. பிறகு நிறுத்தி நிறுத்தி. "பதினாலு."

கத்தினாள். சத்தம் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள்.

"பதினஞ்சு."

அவள் விரல் நுனிகள் வெளுத்தன. அவளைப் பிடித்திருந்த விரல்கள் சூடேறின.

அடுத்த எண் வரவே இல்லை. அந்த விரல்களுக்குள் ஏதோ துடிக்கத் தொடங்கியிருந்தது, சீராக, பலமாக.