பதினான்கு முழங்கால் கீல்கள்

காலை எட்டு மணிக்குத் தங்கபுஷ்பம் கடைத் திரையைத் தட்டினாள். சரக்கை எண்ணும் இருப்பெண்ணிக் கருவி விழித்துக்கொண்டது. விருதுநகரில் அவள் கடைக் கிட்டங்கியில் இருந்த எழுநூறு பெட்டிகளையும் அவற்றின் அடியிலுள்ள எடைத்தட்டுகள் வழியே நிறுத்துப் பார்த்து, எதில் எத்தனை என்று பொதுச்சந்தைப் பட்டியலில் ஏற்றியது. அதனிடம் பொய் செல்லாது. ஒரு திருகாணியை எடுத்து முந்தானையில் முடிந்தாலும் மாநிலம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"செயற்கை முழங்கால் கீல், ஏழாம் அளவு: ஒன்று" என்றது திரை. எட்டு மாதமாக அதே ஒன்றுதான்.

பட்டியல் ஏறிய கையோடு அழைப்பு வந்தது. உவரிக் கடல்பாசிப் பண்ணையில் வேலை செய்யும் ரெஜினாள். செயற்கைக் காலின் கீல் உடைந்து வீட்டோடு கிடக்கிறவள்.

"அக்கா, ஒங்க கடையில ஒண்ணு இருக்குன்னு காட்டுது. ஆர்டர் போட்டா தானா ரத்தாகுது. இது ஒம்பதாவது தடவ."

"நாளைக்கு வரும் தாயி."

"எட்டு மாசமா அதத்தான சொல்லுதீங்க? திங்கக்கிழமைக்குள்ள நான் தண்ணியில எறங்கி நிக்கணும். இல்லன்னா என் எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவாங்க."

தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது. 'கடைசி ஒன்றை விற்காதே' என்று இருப்பெண்ணிக்குச் சொல்லிவைத்திருந்தவள் அவள்தானே. பெட்டியைத் துடைத்துக் காலியாக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்பது இந்தப் பக்கத்து வியாபாரிகளின் நம்பிக்கை. 'இல்லை' என்ற சொல்லையே கடைக்குள் எடுக்க மாட்டார்கள். ஒரே ஒரு முறை, நான்கு வருடம் முன்பு, அவள் கடைசித் தண்ணீர் வடிகட்டியை விற்றாள். அந்த வாரமே கணவன் அழகுராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்; பிறகு எழவே இல்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று புத்திக்குத் தெரியும். புத்தி சொல்வதைக் கை கேட்க வேண்டுமே!

ஆனாலும் எட்டு மாதமாகப் புதுச் சரக்கு ஏன் வரவில்லை? மாநிலக் கணக்கைத் திறந்தாள். காத்திருப்போர் இருநூற்று முப்பது. மொத்த இருப்பு பதினான்கு. வைத்திருக்கும் கடைகளும் பதினான்கு.

தலையில் அடித்துக்கொண்டாள். குப்பைமலைகள் ஊர்களை விழுங்கிய காலத்துக்குப் பிறகு வந்தது பூஜ்ய விதி. ஒரு பொருளின் இருப்பு மாநிலத்தில் பூஜ்யமானால்தான் தானியங்கி ஆலை அதை மறுபடி செய்யும். நல்ல சட்டம்தான். எழுதியவர்களில் ஒருவராவது கடை வைத்திருந்தால், கடைசி ஒன்றை எந்தக் கடைக்காரரும் விற்கமாட்டார் என்று சொல்லியிருப்பார்.

கீல் வைத்திருந்த மற்ற பதின்மூன்று வியாபாரிகளையும் குழு அழைப்பில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். முதலில் சீறியவர் சாத்தூர் செல்வசிகாமணி அண்ணாச்சி.

"காலங்காத்தால கடையக் காலி பண்ணச் சொல்லுதியே தங்கம், நல்லாருக்கா ஒனக்கு?"

"அண்ணாச்சி, நாம பதினாலு பேரும் ஆளுக்கொரு பெட்டியில லட்சுமிக்குக் காவல் இருக்கோம். அங்க எரநூத்து முப்பது பேரு எந்திரிக்க முடியாம கெடக்காங்க."

"நான் வச்ச ஒண்ணுக்காகவா ஆலை ஓடல?"

"ஒங்க ஒண்ணு, என் ஒண்ணு. எல்லாம் சேந்துதான்."

"பாவம்லா அது" என்றார் அண்ணாச்சி, குரல் இறங்கி. "சரி, மொதல்ல என்னோடதப் போடுதேன்."

பதினான்கு பதின்மூன்றானது. முணுமுணுத்தபடி மற்றவர்களும் விட்டுக்கொடுத்தார்கள். ஒருவர் சூடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். நண்பகலில் அண்ணாச்சி மறுபடி அழைத்தார்.

"தங்கம், பதிமூணும் போயாச்சு. இன்னும் ஒண்ணு நிக்குதே. ஒன் கடைப் பேருல்லா போட்டிருக்கு?"

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் தன் பெட்டியை மட்டும் தொடாமல் இருந்தாள். அழகுராஜ் சாய்ந்த நாற்காலி எதிரிலேயே கிடந்தது. பயமாகத்தான் இருந்தது. வீட்டில் மகள் இருக்கிறாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ரெஜினாள் வீட்டிலும் யாரோ அவளை நம்பித்தானே இருப்பார்கள் என்று நினைத்தாள். 'விற்காதே' என்ற தடையை நீக்கி, ரத்தான உவரி ஆர்டரை மறுபடி ஏற்றினாள். அது பச்சையானது. கீலை எடுத்துப் பொதிந்து, கதவருகே பறந்து வந்து நின்ற அஞ்சல் டிரோனின் கூடையில் வைத்தாள். அது எழும்பிப் போனது.

திரையில் பூஜ்யம். உடனே ரெஜினாள் அழைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அக்கா, ஏத்துக்கிச்சு! பண்ணையில இன்னொரு பிள்ளைக்கும் இதே அளவுதான் வேணும். ஒங்ககிட்ட இன்னும் ஒண்ணு இருக்குமா?"

'நாளைக்கு வரும்' என்று பழக்கத்தில் வாய் எடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். மகளின் பெயரை மனதுக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டாள்.

"இல்ல தாயி" என்றாள். "ஒண்ணுகூட இல்ல."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: முழங்கால் கீல், ஏழாம் அளவு, ஐந்நூறு, ஆலை தொடங்கியது.