மணல்துறையில் ஏறிய வெள்ளைக் கொடி

"...வெள்ளைக் கொடியை ஏத்திட்டுத்தானுங்க குளிக்க எறங்குனான். எட்டு மணி இருக்கும். என் கண்ணால பார்த்தேன். காலு வழுக்கி, மண்டை கல்லுல மோதி... அவ்வளவுதானுங்க!"

"பொய்!"

அந்த ஒற்றைச் சொல் மணலில் சாட்டை மாதிரி விழுந்தது.

இன்ஸ்பெக்டர் தண்டாயுதபாணி திரும்பினார்.

ஈரத் துண்டு போர்த்திய உடலுக்குப் பக்கத்தில் மருதம்மாள் நின்றிருந்தாள். செத்துப்போன துறைக் காவலாளி கருப்புசாமியின் மனைவி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

நெருப்பு இருந்தது!

"யாரும்மா பொய் சொல்றது?"

"மொதலாளிதானுங்க சார்."

அவள் விரல் நீண்ட இடத்தில் சென்னியப்பன். துறைக்கு மேலே இருக்கும் சாயப்பட்டறையின் சொந்தக்காரர். துறைக் கமிட்டித் தலைவரும் அவரே. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு தூசு இல்லை.

1993. ஆடிப் பதினெட்டு. திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் தடுப்பணைக்குக் கீழே, மணல்துறை.

புதுவெள்ளம் செம்மண் நிறத்தில் சுழித்தது. அதற்குள் முந்நூறு பேர்! குழந்தைகள், கிழவர்கள், பெருமாநல்லூரிலிருந்து வேன் பிடித்து வந்த கம்பெனிப் பெண்கள்...

எல்லோரும் நம்பியது கம்பத்தில் படபடத்த அந்தக் கொடியை.

வெள்ளை என்றால் குளிக்கலாம். சிவப்பு என்றால் கூடாது!

"மொதல்ல அவங்களக் கரையேறச் சொல்லுங்க சார்! இந்தக் கலங்கல்ல சாயம் கண்ணுக்குத் தெரியாது. எங்க ஊட்டுக்காரரு தெனமும் வெள்ளைப் பனியன் துணியை முக்கிக் காய வெச்சுப் பார்ப்பாரு. கலர் ஏறுச்சுன்னா செகப்புக் கொடி. இங்க பாருங்க!"

பிணத்தின் இறுகிய கைக்குள் ஒரு துணித் துண்டு. கத்திரிப்பூ நிறம்!

"இதைப் பார்த்த மனுசன் வெள்ளையை ஏத்துவாருங்களா?"

சென்னியப்பன் சிரித்தார். "தண்ணிக்குள்ள விழுந்தான். கையில இருந்த துணியில கலர் ஏறாம என்ன பண்ணும்?"

"அப்ப தண்ணியில சாயம் இருக்குதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க!"

சிரிப்பு செத்தது.

"அது... மேக்க எவனாவது தொறந்து விட்டிருப்பான்! எங்க பட்டறை ரெண்டு நாளாப் பூட்டிக் கெடக்குதுங்க இன்ஸ்பெக்டர். இருக்கறது ஒரே சாவி. பாருங்க, என் இடுப்பை விட்டு எறங்கவே இல்லை. இந்தக் கொடிக்கம்பத்தை நட்டதே நானுங்க! கருப்புசாமி கையாலதான் அந்தக் கொடி ஏறுச்சு. எந்தக் கோயில்ல வேணாலும் சத்தியம் பண்றேன்!"

"எங்ககிட்ட வெள்ளைக் கொடியே இல்லீங்களே மொதலாளி!"

இன்ஸ்பெக்டர் மருதம்மாள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்றே?"

"ரெண்டு வருசத்துல ஒரு நாள்கூடத் தண்ணி சுத்தமா இல்லீங்க சார். வெள்ளைக் கொடி சும்மாவே கெடந்துச்சு. வெட்டி எம் பொண்ணு பாவாடைக்கு உள்துணி வெச்சுத் தெச்சுட்டேன்!"

தண்டாயுதபாணியின் முகம் சிவந்தது.

"விசில் ஊதுய்யா! ஒருத்தர் தண்ணியில இருக்கக்கூடாது! அந்தக் கொடியை எறக்கு!"

கான்ஸ்டபிள் ஓடினான். விசில் அலறியது. கம்பெனிப் பெண்கள் கைகளைச் சொறிந்துகொண்டே கரையேறினார்கள்.

கொடி மருதம்மாளின் கைக்கு வந்தது. பனியன் துணி. கிழித்த ஓரம் பாய் மாதிரி சுருண்டிருந்தது.

பன்னிரண்டு வருடம் செக்கிங் டேபிளில் நின்ற கை அது. சுருளைக் கண்டால் சும்மா இருக்காது. கட்டைவிரலால் நீவி விரித்தாள்.

சுருளுக்குள்ளே... கறுப்பு மையில் எழுத்து!

'சென்னியப்பன் டையிங். லாட் 41.' கீழே அன்றைய தேதி!

"துணி மாறிடக்கூடாதுன்னு சாயம் போடறதுக்கு முந்தி ஓரத்துல மார்க் போடுவாங்க சார். ஓரம் சுருண்டா எழுத்து உள்ள ஒளிஞ்சுக்கும். அவசரத்துல கிழிச்சவரு விரிச்சுப் பார்க்கலை!"

சென்னியப்பனின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்து கிணுகிணுத்தது.

"ரெண்டு நாளாப் பூட்டுன பட்டறை. ஒரே சாவி. இன்னிக்குத் தேதி போட்ட துணி!" தண்டாயுதபாணி ஒவ்வொரு வார்த்தையையும் கடித்துத் துப்பினார். "இன்னிக்குச் செகப்பு ஏறுனா பண்டிகைக்கு வந்த முந்நூறு பேரும் யார் விட்ட தண்ணின்னு கேப்பாங்க. பட்டறைக்குச் சீல் விழும். அதுக்காக ஒரு மனுசன் மண்டையைக் கல்லால... சீ!"

விலங்கு 'க்ளிக்'கென்று பூட்டிக்கொண்டது.

"நான் வேணும்னு பண்ணலைங்க... செகப்புக் கொடியைப் புடுங்கத்தான் போனேன்..."

மருதம்மாள் அவர் எதிரில் வந்து நின்றாள். கும்பிட்டாள். குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை.

"குளிக்கலாம்னு கொடி ஏத்துனது நீங்கதானுங்களே மொதலாளி? ஜீப்புல ஏறுறதுக்கு முந்தி, அதே வெள்ளை வேட்டி சட்டையோட, ஒரே ஒருவாட்டி முங்கி எந்திரிச்சுக் காட்டிட்டுப் போங்க!"