ஒற்றுத்தாளில் ஆறு பொட்டு

"நாயைப் போய் இப்படியா அடிப்பாங்க?"

லஸ் முனை ஜவுளிக்கடைத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த பத்துப் பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் மர்சலினுக்கு, தன்னைத்தான் கேட்கிறான் என்று புரியவே ஒரு நிமிஷம் ஆனது. 1934-ம் வருஷத்து ஐப்பசி அடைமழை. தோளில் பள்ளிக்கூடப் பை, மார்போடு அணைத்த துண்டில் ரொட்டி. ரொட்டி என்பது அவள் வீட்டு வெள்ளை நாய். காற்றில் துண்டு விலகியபோது அதன் வயிறு தெரிந்துவிட்டது... ஊதா ஊதாவாக, திட்டுத் திட்டாக.

கேட்டவன் சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு மழை சொட்டச் சொட்ட நின்றான். நெற்றியில் ஒட்டிய சுருள் முடி. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... கோபப்படத் தெரியாமல் கோபப்படுகிற கண்கள்.

"நான் அடிச்சேன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"இந்தக் காயம் சொல்லுது. காதுல ரத்தம் வேற..." அவன் கை நீட்டி நாயின் காதைத் தொட்டான்.

"அது காலையில உண்ணி எடுத்த இடம். கையை எடுங்க! வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க்கிட்டிருக்கேன். டிராம்ல நாயை ஏத்த மாட்டேன்னுட்டான்."

"தாராளமா போங்க. நானும் அங்கே படிச்சுட்டு வந்த மாட்டு டாக்டர்தான். அங்கேயும் முதல் கேள்வி இதுதான் கேப்பாங்க. யார் அடிச்சதுன்னு."

கூட்டத்தில் ஒருவர் உச்சுக் கொட்டினார். மர்சலினின் முகம் சிவந்து போயிற்று. கோபத்திலும் அழகாக இருக்கிறவர்கள் சிலர் உண்டு. அவள் அதில் ஒருத்தி. அவளுக்கு அது தெரியாது... தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கோபப்பட்டிருப்பாள். அந்த நேரம் பார்த்து ஒரு ஜட்கா வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தவள், வேப்பேரி என்று சொல்ல வாயெடுத்து, "சாந்தோம்" என்றாள். இன்னொரு தடவை, இன்னொரு கூட்டத்தின் முன்னால், அந்தக் கேள்வியைக் காதில் வாங்க அவளால் முடியாது.

அவசரத்தில் பையிலிருந்து ஒரு தாள் நழுவியதை அவள் பார்க்கவில்லை. அவன் பார்த்தான்.

*

ஜட்காவில் போகும்போதே அழுகை வந்தது. ரொட்டி அம்மா வளர்த்த நாய். போன வருஷம் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கட்டிலுக்கடியை விட்டு நகராத நாய். அம்மா போன பிறகு வீட்டில் அவளும் அப்பா காஸ்பரும் ரொட்டியும்தான். அதுவும் போய்விட்டால்...?

யார் அடித்தது என்று அவளுக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தாள். வியாழக்கிழமை ரொட்டி மீன்காரி தேசம்மாவின் கூடையிலிருந்து ஒரு வஞ்சிரத் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. வெள்ளிக்கிழமை வயிறெல்லாம் ஊதா. வேறென்ன வேண்டும்? "இனிமே எங்க வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டாள். "சத்தியமா நான் அடிக்கல டீச்சரம்மா" என்று தேசம்மா சொன்னது காதிலேயே ஏறவில்லை.

அதே நேரம் கோபாலபுரத்தில், ஒரு மாடி அறையில், அந்த மாட்டு டாக்டர் லூயிஸ் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். பையில் அந்தத் தாள். ஈர மையை ஒற்றியெடுக்கிற இளஞ்சிவப்பு ஒற்றுத்தாள். நோட்டுப் புத்தகத்தில் போட்ட கையெழுத்தெல்லாம் அதில் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. ரசம் போன கண்ணாடி முன்னால் பிடித்து வாசித்தான். மர்சலின்... மர்சலின்... மர்சலின்... பத்து இருபது தடவை.

"பேரு நல்லாத்தான் இருக்கு. குணம்தான்..." என்று முணுமுணுத்தவன் சட்டென்று நிறுத்தினான்.

தாளின் ஓரத்தில் அவன் விரல் பட்ட இடத்தில் ரத்தக் கறை. நாயின் காதிலிருந்து வந்தது. ஈர ரத்தம். உண்ணி எடுத்தது காலையில் என்றாளே? காலையில் எடுத்த உண்ணிக்கு மத்தியானம் வரைக்குமா ரத்தம் கசியும்?

"ஐயோ கடவுளே..." லூயிஸ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அது அடிபட்ட நாய் இல்லை. ரத்தம் நிற்காத நாய். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவளை நாக்கால் அடித்துத் திருப்பி அனுப்பியவன் அவன்தான்.

*

மறுநாள் காலை பூசை முடிந்து மர்சலின் வீடு திரும்பியபோது வாசலில் சைக்கிள். சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய ஒரு மரப்பெட்டி. பக்கத்தில்... அவன்.

"நாயை அடிக்கிற வீட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

"சாந்தோம்ல உங்க பேரைச் சொன்னதும் டீச்சர் வீடுன்னு காட்டினாங்க. ரெண்டு வேலை டீச்சர். ஒண்ணு, மன்னிப்பு கேக்கணும். இன்னொண்ணு, நாயைக் காப்பாத்தணும். ரெண்டாவதை முதல்ல பண்ணட்டுமா? மன்னிப்புக்கு அவசரமில்ல. நாய்க்கு இருக்கு."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "மர்சலின்! ரொட்டிக்கு மறுபடியும் மூக்குல ரத்தம்மா!"

அவள் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"வீட்டுல பிளாட்டிங் பேப்பர்... ஒற்றுத்தாள் இருக்கா?" என்றான் லூயிஸ்.

"டீச்சர் வீட்டுல அது இல்லாமலா?"

ரொட்டியின் காது ஓரத்தில் ஊசி முனையால் ஒரே ஒரு குத்து. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒற்றுத்தாளின் நுனியால் அந்த ரத்தத்தை ஒற்றினான். ஒரு பொட்டு. இன்னொரு பொட்டு. காஸ்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஆச்சு... ஆச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல நாய்க்கு ஆறு பொட்டில் நின்றுவிடுமாம். பத்து. இருபது. முப்பதாவது பொட்டில் லூயிஸ் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

பெட்டியிலிருந்து மைக்ராஸ்கோப் வந்தது. ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடியில் ஏறியது. வெகுநேரம் குனிந்திருந்தவன் நிமிர்ந்தபோது, அந்தக் கண்களில் கோபமும் இல்லை, குறும்பும் இல்லை.

"ரத்தத்துல பிளேட்லெட்னு பொடிப்பொடியா சில்லுங்க இருக்கு. உடம்புக்குள்ள எங்க கசிஞ்சாலும் ஓடிப்போய் அடைச்சிடும்... படகு ஓட்டையில நார் வெச்சு அடைக்கிறாங்களே, அந்த மாதிரி. இதுக்கு உண்ணிக் காய்ச்சல். பூச்சி ரத்தத்துல தெரியுது. அந்தக் காய்ச்சல்ல சில்லுங்க காலியாயிடுச்சு. அடைக்க ஆள் இல்ல. அதான் தோலுக்கு அடியில தானாவே கசிஞ்சு ஊதாவா ஆகுது. யாரும் அடிக்கல டீச்சர். நீங்களும் இல்ல, வேற யாரும் இல்ல."

வேற யாரும் இல்ல... அப்படியென்றால் தேசம்மாவும் இல்லை. மர்சலின் நாயின் தலையைத் தடவினாள். "பொழைக்குமா?"

"பூச்சிக்கு மருந்து வெச்சிருக்கேன். ஆனா அது வேலை செய்யற வரைக்கும் தாங்கணும். இன்னைக்கே வேற நாய் ரத்தம் ஏத்தினா தாங்கும். பெரிய நாயா, திடமா, உண்ணி இல்லாம... தெரிஞ்ச நாய் ஏதாவது இருக்கா?"

இருந்தது. சாந்தோம் முழுக்கத் தேடினாலும் அதைவிடப் பெரிய நாய் கிடையாது. கறுப்பு நாய். பேர் சுறா. தினம் கடலில் விழுந்து குளிக்கிற அதன் மேல் உண்ணி தங்காது. வளர்க்கிறவள் தேசம்மா. அவளைத் திட்டியதையும் சேர்த்து, எல்லாவற்றையும் மர்சலின் சொன்னாள்.

"நான் வேணா போய்க் கேக்கட்டுமா?" என்றான் லூயிஸ்.

"வேண்டாம். பேசினது நான். நான்தான் போகணும்." வாசல் வரை போய்த் திரும்பினாள். "நீங்க மட்டும்தான் மன்னிப்பு கேக்க வேண்டியவர்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

*

குப்பத்தில் மழை விட்ட வெயிலில் தேசம்மா குடிசை வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னா டீச்சரம்மா... வாசப்படி மிதிக்காதன்னு சொல்லிட்டு, எங்க வாசப்படியில வந்து நின்னுக்கினு கீற?"

"தப்பா பேசிட்டேன் தேசம்மா. ரொட்டிய யாரும் அடிக்கல. அதுக்கு உடம்புக்குள்ள சீக்கு. எனக்குத் தெரியல... தெரியாம உன் மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுக்கோ."

"ம்."

"இன்னொண்ணு... சுறாவோட ரத்தம் கொஞ்சம் வேணும்."

"ரத்தமா!" தேசம்மா எழுந்தேவிட்டாள். "இன்னாம்மா சொல்ற நீ?"

"கொஞ்சம்தான். சுறாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்றாரு. குடுக்கலேன்னா ரொட்டி இன்னைக்குத் தாங்காது..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. டீச்சர் என்பதையெல்லாம் மறந்து, தெருவில் நின்று தேம்பினாள்.

தேசம்மா ஒரு கணம் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாத. கோவம் கீதுதான். அது உன் மேல. நாய் மேல இன்னா கோவம்? டேய் சுறா! வாடா இங்க!"

மர்சலின் வீட்டுப் பின்கட்டில் சுறாவின் தலையைத் தேசம்மா மடியில் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய நாய், "சும்மா இரு ராசா" என்ற ஒரு சொல்லுக்கு அசையாமல் கிடந்தது. உறையாமலிருக்க உப்பு மருந்து கலந்த கண்ணாடிக் குடுவையில் ரத்தம் நிரம்பியது. பிறகு சொட்டுச் சொட்டாக ரொட்டிக்குள் இறங்கியது. மர்சலின் குடுவையைத் தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கை வலித்துத் தாழ்ந்தது. கீழேயிருந்து லூயிஸின் கை வந்து அந்தக் கையைத் தாங்கியது. நாய்க்காகத்தான்... வேறெதற்கு?

மாலைக்குள் பூச்சிக்கான மருந்தும் போட்டாயிற்று. அது நீலச் சாயம். மறுநாள் பார்த்தால் ரொட்டியின் ஈறு நீலம், வயிறு நீலம், கண்ணோரம்கூட நீலம்!

"இன்னா நைனா, சலவைக்குப் போட்ற மாதிரி நாய்க்கு நீலம் போட்டுட்ட?" என்று தேசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

*

பிறகு தினமும் சைக்கிள் வந்தது. தினமும் ஒரு குத்து, ஒரு தாள். மர்சலின் தேதி போட்டு எழுதி வைத்தாள். இருபத்திரண்டு. பதினேழு. பதினொன்று. எட்டு. ஒவ்வொரு எண் குறையும்போதும் அவள் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஆறு என்று வந்த அன்று ரொட்டி தேசம்மாவின் கூடைக்குள் தலையை விட்டது. அன்று யாரும் அதைத் திட்டவில்லை.

அடுத்த நாளும் சைக்கிள் வந்தது. ஆறு. அதற்கடுத்த நாளும். ஆறு. ஐந்தாவது நாள் மர்சலின் நோட்டை மூடினாள்.

"டாக்டர், நல்ல நாய்க்கு எத்தனை பொட்டு?"

"ஆறு..."

"அஞ்சு நாளா எத்தனை?"

"அதுவும்... ஆறுதான்."

"அப்புறம் எதுக்கு அந்த வாயில்லா ஜீவனைத் தினமும் குத்தறீங்க?"

உள்ளே காஸ்பர் பேப்பரைத் திருப்புகிற சத்தம் நின்றுபோனது. லூயிஸ் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தான். இளஞ்சிவப்பு. ஓரத்தில் பழைய ரத்தக் கறை.

"இது லஸ்ல நீங்க விட்டுட்டுப் போனது. கண்ணாடியில வெச்சுத்தான் உங்க பேரை வாசிச்சேன். அன்னையிலேர்ந்து முகம் பார்க்கக் கண்ணாடி முன்னால நின்னாலும் உங்க பேருதான் தெரியுது. திருப்பிக் குடுத்திருக்கணும். மனசு வரல." அவன் குரல் தழைந்தது. "நாயைச் சாக்கு வெச்சுத்தான் வந்துக்கிட்டிருந்தேன் டீச்சர். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. பிடிக்கலேன்னா சொல்லிடுங்க... நாளையிலேர்ந்து வரல."

மர்சலின் நோட்டைக் கீழே வைத்தாள். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் போனவள்தான். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. லூயிஸ் மரப்பெட்டியைச் சைக்கிளில் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினான்.

திரும்பி வந்தபோது அவள் கன்னம் லஸ் முனையில் பார்த்ததைவிடச் சிவந்திருந்தது. தாளை நீட்டினாள். "ஒரு வரி எழுதினேன். எழுதினது என்கிட்ட இருக்கும். ஒற்றினது உங்களுக்கு. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில பாருங்க."

கோபாலபுரம் வரைக்கும் தாங்குமா அவனுக்கு? பெட்டியைத் திறந்தான். மைக்ராஸ்கோப்பின் அடியிலிருந்த, வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற, காலணாக் காசு அளவு வட்டக் கண்ணாடியைத் திருப்பித் தாளுக்கு நேராக வைத்தான். ஒரு தடவைக்கு ஒரு வார்த்தைதான் தெரிந்தது. நகர்த்தி நகர்த்தி வாசித்தான்.

நாளைக்கும்... வாங்க... ரொட்டிக்காக... இல்லை.