அருவிப் பாதையில் சிவப்புப் பலகை

காலை 8.15. கிராமச் சுற்றுலாக் குழு அலுவலகத்தில் செயலாளர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் கடப்பாரை. மேசை, சுவர், கரும்பலகை என்று எங்கும் ரத்தம் தெறித்திருந்தது. முதல் அடியிலேயே செத்திருப்பார். அதற்குப் பிறகும் நாலு அடி விழுந்திருந்தது. அத்தனை ஆத்திரம்.

8.50. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் ஊர் தீர்ப்பே எழுதிவிட்டது. விடுதிக்காரரை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து முன்பற்கள் இரண்டைப் பெயர்த்திருந்தார்கள். முந்தின நாள் செயலாளர் அவர் விடுதியைக் குழுவின் பட்டியலிலிருந்து நீக்கினார். "உன்னை வெட்டாம விடமாட்டேன்" என்று விடுதிக்காரர் கத்தியதை எல்லோரும் கேட்டார்கள். போதாதா?

அவர் மனைவி இன்ஸ்பெக்டரின் காலைப் பிடித்துக்கொண்டாள். "வாய்தான் சார் நீளம். கோழியக்கூட நான்தான் அறுக்கணும். இவங்க அடிச்சே கொன்னுடுவாங்க சார்."

இன்ஸ்பெக்டர் கட்டை அவிழ்க்கச் சொன்னார். கூட்டம் முணுமுணுத்தது, கையிலிருந்த கல்லை யாரும் கீழே போடவில்லை.

9.05. செயலாளர் தினமும் காலையில் ஓடையைப் பார்த்துவிட்டு, அருவிக்கு ஆட்களை விடலாமா கூடாதா என்று கரும்பலகையில் எழுதுவது வழக்கம். இன்றைய தேதியிட்டு 'அருவி திறப்பு' என்று எழுதியிருந்தார். ரத்தத் துளிகள் அந்த எழுத்துகளின் மேலேயே காய்ந்திருந்தன.

வாசலில் ஒரு வேன் ஓட்டுநர் சிடுசிடுத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பயணிகளோடு ஏழு மணிக்கே வந்தாராம். அருவிப் பாதைக் கதவில், இன்று அனுமதி இல்லை என்று சிவப்புப் பலகை தொங்கியதாம். இத்தனை வருஷத்தில் இப்படி அலைக்கழித்ததே இல்லையாம்.

பிணத்தை முதலில் பார்த்தவள் அந்தக் கதவின் காவல்காரி. ஊருக்கு அவள் 'கேட் அக்கா'. இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"செயலாளரைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நேத்து சாயந்திரம்."

"காலையில போன் பண்ணினாரா?"

"இல்ல சார். எட்டேகாலுக்குக் கையெழுத்துப் போட வந்தேன். கிடந்தாரு."

"அவர் ஒண்ணும் சொல்லலைன்னா என்ன பலகை மாட்டுவீங்க?"

"பச்சை. குழு விதி அதான்."

"அப்ப இன்னிக்கு ஏன் சிவப்பு?"

இன்ஸ்பெக்டர் கரும்பலகையைக் காட்டினார்.

"அவர் திறக்கச் சொல்லி எழுதியிருக்கார். எழுதின பிறகுதான் அடி விழுந்திருக்கு, ரத்தம் எழுத்துமேல இருக்கு. ஏழு மணிக்கு நீங்க சிவப்பு மாட்டினீங்க. ஏன்னு கேக்க அவர் வரமாட்டார்னு உங்களுக்குத் தெரியும்."

கேட் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன மாதமும் ஓடை கலங்கித்தான் வந்தது. கூட்டம் திரும்பிப் போய்விடக் கூடாது என்று செயலாளர் அன்றும் திறந்துவிட்டார். வழிகாட்டியாகப் போன அவள் மகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வழிகாட்டியின் கவனக்குறைவு என்று குழு எழுதி முடித்தது. இன்று ஆறரை மணிக்கு ஓடையில் மறுபடியும் அதே செந்நிறம். ஓடி வந்து, வேண்டாமென்று கெஞ்சியிருக்கிறாள்.

"'உன் பொண்ணு மாதிரி எல்லாரும் தடுக்கி விழமாட்டாங்க'ன்னு சொல்லிட்டுத் திரும்பி எழுதினாரு சார். மூலையில கடப்பாரை இருந்துச்சு."

மேலே மலையில் மரங்கள் முறியும் சத்தம் கேட்டது. பாதையின் கைப்பிடிக் கம்பிகளை வெள்ளம் சுருட்டிக்கொண்டு போனதாக ஒருவர் ஓடிவந்து சொன்னார். வேன்காரர் தன் பயணிகளை எண்ணினார். கல் வைத்திருந்தவர்கள் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத் தாளை எடுத்தார்.

"என் பொண்ணு கவனமாத்தான் போனா சார்," என்றாள். "அத முதல்ல எழுதுங்க."

எழுதினார்.