மூன்று பிடி மண்

மதியச் சோற்றை அரைகுறையாக விழுங்கிவிட்டு பஸ்மியா அலுவலகப் படிகளில் ஏறினாள். உள்துறைமுக வீதியில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடிதான் அலுவலகம். இரண்டு கணினி, மூன்று கதிரை, ஒழுகுகிற கூரை. மூதூர், கிண்ணியா, நகரம் என்று எங்கே ஒருவர் கண்மூடினாலும் அந்த ஜனாஸா அறிவித்தல் இவர்களுடைய இணையத்தளத்தில்தான் முதலில் வரும். மழை விட்டபாடில்லை. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முன்னமே கடலுக்குப் போன அவள் புருஷன் அர்ஷாக் இன்னும் கரை சேரவில்லை.

கதவைத் திறந்ததும் கற்பூரம் மணத்தது. குளிப்பாட்டிய மையித்துக்கு, இறந்த உடலுக்கு, பூசுகிற கற்பூரம்.

பக்கத்து வீட்டு மணமாக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கணினியைத் திறந்தாள். வெளியாகக் காத்திருந்த வரைவுகளுக்குள் அவள் எழுதாத ஒன்று கிடந்தது.

'ஜனாஸா அறிவித்தல். கிண்ணியாவைச் சேர்ந்த மர்ஹூம் அர்ஷாக். நல்லடக்கம் அஸர் தொழுகையின் பின்.'

எழுதியவர்: முனீப். தானாக வெளியாகும் நேரம்: பிற்பகல் 3.15.

முனீப் மௌத்தாகி, அவரை அடக்கி ஆறு மாதமாகிறது.

இதே மேசையில் பத்து வருடம் இருந்த மனிதர். பழைய அறிவித்தலை நகலெடுத்துப் பெயரை மாற்றுகிற அவசரக்காரர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. முன்னோட்டத்தைத் திறப்பார், உரத்து வாசிப்பார், மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார், அதற்குப் பிறகுதான் வெளியிடுவார். "மௌத்துச் செய்தியில பிழை விட்டா மன்னிக்கிறதுக்கு ஆளிருக்காது, புள்ள" என்பார்.

பஸ்மியா அந்த வரைவை அழித்தாள். பக்கத்தைப் புதுப்பித்தாள்.

இருந்தது.

மறுபடி அழித்தாள். மறுபடி இருந்தது. இந்த முறை அர்ஷாக்கின் படமும் சேர்ந்திருந்தது. காலையில் உடுத்துக்கொண்டு போன அதே நீலச் சட்டை, ஈரமாக.

அர்ஷாக்குக்குத் தொலைபேசி எடுத்தாள், தொடர்பில் இல்லை. ஐந்து தரம் எடுத்தாள், இல்லை. தளத்தின் உரிமையாளர் ஜமால்தீனுக்கு எடுத்தாள்.

"நானா, முனீப் நானாட கணக்கு இன்னும் தளத்தில இருக்கா?"

"என்ன கதை கதைக்கிறீங்க? அவர அடக்கின அண்டைக்கே நான் அழிச்சிட்டனே."

"அப்ப இத நிப்பாட்டுங்க நானா! அர்ஷாக்ட பேர வெச்சு மௌத்து அறிவித்தல் போட்டிருக்கு!"

"எனக்கிட்ட ஒண்டுமே காட்டுதில்லையே, புள்ள. ஒரு வரைவும் இல்ல."

மணி 3.04.

அடக்கின அன்றைக்கு. அந்தச் சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. திரையைப் பார்த்தாள். 'அஸர் தொழுகையின் பின்.' இந்த வசனம் அவளுடையது. முனீபின் அறிவித்தலை அன்று அவள்தான் போட்டாள், முந்திய அறிவித்தலை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி. அடக்கம் உண்மையில் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு. பின்னேரத் தொழுகையான அஸர் என்ற சொல்லை மாற்ற மறந்துபோனாள்.

புல்மோட்டையில் வேலை செய்த முனீபின் மகன் அன்ஸார் அந்த நேரத்தை நம்பிப் பஸ்ஸில் வந்தான். மையவாடிக்கு வந்தபோது கபுறுக் குழியை மூடிவிட்டிருந்தார்கள்.

"வாப்பாட முகம் பாக்கல்ல ராத்தா. அவர்ட கபுறுக்கு மூண்டு பிடி மண் போடவும் கிடைக்கல்ல" என்று அவன் அழுதபோது, பஸ்மியா கூசாமல் சொன்னாள்: "நாங்க லுஹர் எண்டுதான் போட்டம் தம்பி. நீங்க வடிவாப் பாக்கல்ல போல."

அதைச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் முன்னர்தான் தளத்தில் அஸரை லுஹர் என்று திருத்தியிருந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, தன்மேல்தான் பிழை என்று நம்பிக்கொண்டு போனான். அந்தப் பாவத்தை அவள் ஆறு மாதமாக மறந்தும் போயிருந்தாள்.

மேசையில் யாரோ தட்டினார்கள்.

ஒன்று. இரண்டு.

அவளுடைய இரண்டு கைகளும் விசைப்பலகையில் இருந்தன.

"முனீப் நானா," என்று வெறும் அறையிடம் கெஞ்சினாள். "எனக்கும் என்ட புள்ளைக்கும் அவரத் தவிர ஆருமில்ல நானா. நான் எழுதுறன். எல்லாத்தையும் எழுதுறன்."

முனீபின் பழைய அறிவித்தலைத் திறந்து அடியில் எழுதினாள்: 'திருத்தம். இதில் முதலில் அஸர் என்று போட்டது என் பிழை. பிறகு களவாக மாற்றியதும், பழியை மகன்மேல் போட்டதும் நான்தான். அன்ஸாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பஸ்மியா.'

மணி 3.13. விரல் வெளியிடும் பொத்தானுக்குப் போனது. நிறுத்திக்கொண்டாள். முன்னோட்டத்தைத் திறந்தாள். ஒவ்வொரு சொல்லாக, அழுகையோடு, உரத்து வாசித்தாள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

3.14. வெளியிட்டாள்.

வரைவுப் பட்டியலைப் புதுப்பித்தாள். அர்ஷாக்கின் பெயர் இல்லை.

தொலைபேசி அடித்தது.

"என்ஜின் நிண்டு போச்சு. ரெண்டு மணித்தியாலமா இழுத்துக்கொண்டு போச்சுது கடல்" என்றான் அர்ஷாக், மூச்சு வாங்க. "இப்பதான், தன்பாட்டில பிடிச்சுது. கரை தெரியுது. ஏன் அழுறீங்க?"

அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கணினியை அணைக்கும் முன் அந்தத் திருத்தத்தை இன்னொரு தரம் பார்க்கத் தோன்றியது. கற்பூர மணம் போயிருக்கவில்லை.

கடைசியாகத் திருத்தியவர்: முனீப். பிற்பகல் 3.16.

மன்னிப்பு என்று இருந்த இடம் மட்டும் மாறியிருந்தது.

'அன்ஸாரிடம் என் கபுறுக்கு மண் கேட்கிறேன். பஸ்மியா.'