நாற்பது வினாடித் தாக்குதல்

காலை 6.40. நூருஸ், வசந்தப் புத்தாண்டுப் பண்டிகை. பிஷ்கெக் நகரத்தில் அண்டை நாட்டுத் தூதரகத்தின் வாசலில், விசா அறிவிப்பு ஒட்டுகிற கண்ணாடிப் பெட்டி உடைந்து கிடந்தது.

7.40. நாற்பது வினாடி வீடியோ ஒன்று டெலிகிராமில் ஏறியது. நெருப்பு, புகை, குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற ஆட்கள். ஒருவன் கையில் நீளத் தடி, இன்னொருவன் கையில் கல். கீழே எழுதியிருந்தது: ‘இன்று விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தூதரகத்தின் மேல் தாக்குதல்.’

9.00. கல் வைத்திருந்தவரைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. எதிர்வீட்டுத் தச்சர் இஷென்பெக். மாலை நாலு மணிக்கு நீதிபதி முன்னால் நிறுத்துவார்கள். இரண்டு மாதம் உள்ளே என்று பேச்சு. வெளிநாட்டு விவகாரத்தில் இரண்டு மாதம் எப்போது முடியும் என்பதை உள்ளே தள்ளுகிறவனே சொல்ல மாட்டான்.

அதற்குள் நாலு லட்சம் பேர் வீடியோவைப் பார்த்தாகிவிட்டது. அந்தத் தெருவுக்கு நடந்துபோய்ப் பார்த்தவன் ஒருத்தன் உண்டா? கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவனுக்குக் கால் எதற்கு?

11.05. இஷென்பெக்கின் மனைவி புருல்ச்சா, இணையப் புரளிகளைச் சரிபார்க்கிற ஒரு சின்ன இரண்டு அறை அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு ஜாடி சுமலாக், பண்டிகைக்குக் காய்ச்சுகிற முளைக்கோதுமைக் கூழ். அழுதுகொண்டு வந்தாலும் பண்டிகை நாளில் வெறுங்கையோடு வரக்கூடாது.

அங்கே வேலை பார்த்த அசில்கானுக்கு ஐம்பத்திரண்டு வயது. போக்குவரத்துப் போலீஸில் இருபது வருஷம் விபத்து விசாரித்தவள். உட்கார்ந்து கேட்கிற பழக்கம் கிடையாது. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே கேட்டாள்.

“அக்கா, அழறதை அப்புறம் வச்சுக்கலாம். விடியக்காலையில தூதரக வாசல்ல என்ன பண்ணினீங்க?”

“சுமலாக் தான் தங்கச்சி. வருஷா வருஷம் அதே இடம். நேத்து சாயங்காலம் அடுப்பு மூட்டி, கொப்பரையில அடி பிடிக்காம இருக்கக் கல்லு போட்டு, விடிய விடியக் கிண்டினோம். ஆறு மணிக்கு மூடி திறந்து தெருவுக்கே ஊத்திக் குடுத்தோம். அவர் அடிக்கப் போன ஆளா? ஒரு ஆணி அடிக்கவே நாலு தடவை அளப்பார்!”

“வீடியோவுல கொப்பரையே இல்லையே?”

“அதானே எனக்கும் புரியல. அவ்வளவு பெரிய கொப்பரை, எங்க போச்சு?”

அலுவலகத் தலைவர் சபரலி கேட்டுக்கொண்டே ஜாடியில் கரண்டி விட்டார். கடக் என்றது பல். வாயிலிருந்து கூழாங்கல் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“கிண்ணத்துல கல் விழுந்தவனுக்கு அதிர்ஷ்டம், எனக்குக் கிடைச்சிடுச்சு! இந்த வருஷம் என் காட்டுல மழை.” கல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

“ஒருத்தர் ஜெயிலுக்குப் போகப் போறார். உங்களுக்கு மழை கேக்குதா அண்ணே?” என்று சொல்லிவிட்டு அசில்கான் கார் சாவியை எடுத்தாள்.

12.30. தூதரக வாசல். நடுத்தெருவில் கரி அடையாளம். கண்ணாடிப் பெட்டியின் கீழ்மூலை, முழங்கால் உயரத்தில் நசுங்கியிருந்தது. அசில்கான் குனிந்து சில்லுகளைக் கிளறினாள். எல்லாம் வெள்ளைக் கண்ணாடி. ஒரு துண்டு மட்டும் சிவப்பு, பிளாஸ்டிக். அதைக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டாள்.

மதிலுக்கு உள்ளே, முள்கம்பிக்குச் சரியாக மேலே, காவலாளியின் கூண்டு. காவலாளி தொலோகோன் எட்டிப் பார்த்தான். உள்ளூர்க்காரன்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். ஏறி வரச் சொன்னான்.

“பயந்துட்டியா தம்பி?”

“பயமா? உசிரே போச்சு அக்கா! கல்லு வந்து விழுந்ததும் மேஜைக்கு அடியில படுத்தவன், போலீஸ் வர்ற வரைக்கும் தலையைத் தூக்கல.”

“யார் யார்னு பாத்தியா?”

“புகையில மூஞ்சி தெரியுமா? அந்தக் கூட்டத்துல எனக்கு ஒருத்தரையும் பழக்கமில்ல.”

“வீடியோ எடுத்தது யாரு?”

“யாரோ வழியில போனவனா இருக்கும்.”

“தூதரோட கார் எங்க? ஷெட் காலியா கிடக்கு.”

“பட்டறைக்குப் போயிருக்கு. ஆயில் மாத்த.”

“பண்டிகையன்னிக்கு எந்தப் பட்டறைக்காரன் திறந்திருக்கான்?”

தொலோகோன் நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினான். அதிலிருந்து கூழாங்கல் ஒன்று விழுந்து உருண்டது. பூனை மாதிரிப் பாய்ந்து அதைப் பிடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

1.50. அசில்கான் காரிலேயே உட்கார்ந்து வீடியோவைப் பதினெட்டாவது தடவை ஓட்டினாள். ஸ்டியரிங்கில் விரல் தாளம் போட்டபடியே இருந்தது. பன்னிரண்டாவது வினாடியில் நிறுத்தினாள். பெண் ஒருத்தி இஷென்பெக்கிடம் கல் நீட்டுகிறாள். அவள் தோளில் துண்டு. கல்லிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

அசில்கான் வண்டியைக் கிளப்பினாள்.

3.10. போலீஸ் நிலையம். இன்ஸ்பெக்டர் தூரோன்பெக் ஒரு காலத்தில் அவளுக்குக் கீழே வேலை பார்த்தவன்.

“அக்கா, நீங்க வருவீங்கன்னு தெரியும். தெருவுல ஐம்பது பேரும் சுமலாக் கதையைத்தான் சொல்றாங்க. கிண்டினாங்க, ஒத்துக்கறேன். கிண்டி முடிச்சு விடியக்காலையில கையை நீட்டிட்டாங்க. மேலிடத்துலேருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு போன் வருது.”

“போனை எடுக்காத. வாக்குமூலத்துக்கு வந்த காவலாளி பெஞ்சில இருக்கானே, அவன் செல்போனை வாங்கு. இப்ப இதைப் பாரு. எறியற கல்லை எவனாவது கழுவித் துடைப்பானா?”

தூரோன்பெக் குனிந்து பார்த்தான். “கொப்பரைக்குப் போடற கல்லு. அதனால என்ன?”

“உங்க அம்மா கொப்பரையில கல்லை எப்போ போடுவாங்க?”

“முதல்ல. அடுப்பு மூட்டின உடனே...” அவன் செல்போனைத் தன் பக்கம் இழுத்தான்.

“அடுப்பு மூட்டினது எப்போ? நேத்து சாயங்காலம். விடியக்காலை ஐந்தரைக்குச் சுமலாக் இறக்கற பதத்துல இருக்கும். அப்போ எவளாவது கல் கழுவுவாளா? அந்தி வெளிச்சமும் விடியல் வெளிச்சமும் படத்துல ஒண்ணுதான். அதை வச்சு ஏமாத்திட்டான். நீயும் ஏமாந்தே, நாலு லட்சம் பேரும் ஏமாந்தாங்க. பின்னால பாரு, கண்ணாடிப் பெட்டி முழுசா நிக்குது.”

“உடைச்சது யாரு அப்போ?”

அவள் சிவப்புத் துண்டை மேஜையில் வைத்தாள். “காரோட பின் விளக்கு. முழங்கால் உயரத்துல நசுங்கியிருக்கு. கல் அங்கயா படும்? பின்னால எடுத்த வண்டிதான் படும். அந்த வண்டி இன்னிக்குப் பட்டறையில இருக்காம்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தொலோகோன் எழுந்தான். “நான் என்ன பண்ணினேன் அக்கா? வீடியோ யாரோ...”

“உக்காரு. வீடியோ முள்கம்பிக்கு மேலேருந்து கீழே பாக்குது. அங்க உன் கூண்டைத் தவிர ஒண்ணுமில்ல. வீடியோவுலேருந்து கொப்பரையை வெட்டி எடுத்தியே, அங்கதான் மாட்டினே. வெளியாளுக்கு அது என்னன்னே தெரியாது. கொதிக்குது, புகையுது, இன்னும் பயங்கரமா இருக்குன்னு விட்டிருப்பான். அதைப் பாத்தா கதை முடிஞ்சிடும்னு தெரிஞ்சவன் இந்த ஊர்க்காரன். கொப்பரை போனப்புறம் கிண்டற துடுப்பு தடியாயிடுச்சு. கல் உனக்குப் பிரயோஜனப்படும்னு விட்டுட்டே.”

“மேஜைக்கு அடியில இருந்தேன்...”

“மேஜைக்கு அடியில கிண்ணம் வந்துச்சா? பையிலேருந்து கல்லை எடு. ஆறு மணிக்கு மூடி திறந்தப்புறம்தான் அது கிண்ணத்துல விழும். ஒருத்தரையும் பழக்கமில்லன்னு சொன்னியே, அவங்க ஊத்திக் குடுத்ததைத்தான் தின்னிருக்கே.”

தொலோகோன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். “நேத்து எங்க வீட்டுக்கு அனுப்பத்தான் வீடியோ எடுத்தேன் அக்கா. காலையில தூதரோட காரை வெளிய எடுத்தேன், இடிச்சிடுச்சு. போன மாசம்தான் ஒரு தடவை இடிச்சேன். இன்னொண்ணுன்னா வேலை போயிடும். யாரோ அடிச்சாங்கன்னு மட்டும்தான் சொல்ல நினைச்சேன். இவ்வளவு தூரம் போகும்னு...”

“யாரோன்னா யாரு? கல் வச்சிருந்தவருக்கு முகம் இருந்துச்சேடா.”

அவன் செல்போனில் முழு வீடியோ இருந்தது. நேரம் முந்தின நாள் மாலை 6.52. நடுவில் கொப்பரை, யானைக்குட்டி மாதிரி.

3.50. இஷென்பெக்கை விட்டார்கள். தூதரகம் தவறுக்கு வருந்தி இரண்டு வரி எழுதியது. அசில்கான் இரண்டு வீடியோவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெளியிட்டாள்.

4.30. அவள் காரில் இஷென்பெக்கும் புருல்ச்சாவும் பின்னால் ஏறினார்கள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. பக்கத்து வண்டிக்காரன் திரும்பினான். தன் செல்போனைப் பார்த்தான். மறுபடியும் இஷென்பெக்கைப் பார்த்தான்.

“தங்கச்சி, நீ போட்டதை எத்தனை பேர் பாத்திருக்காங்க?” என்று கேட்டார் இஷென்பெக்.

“முந்நூத்தி நாப்பது பேர், அண்ணே. ஏறும்.”

 இஷென்பெக் இருக்கையில் சரிந்து, தலை ஜன்னலுக்குக் கீழே போகிற மாதிரி உட்கார்ந்தார்.

“பஜார் வழியா வேணாம்மா. சுத்திப் போ.”

கும்பிட்டுச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னார். விளக்கு பச்சையானதும் அசில்கான் வண்டியைத் திருப்பினாள்.